160 டிகிரியா, 180 டிகிரியா? பிக்கப் டிரக்கின் தெர்மோஸ்டாட் பற்றி ஒரு வாசகருக்கு

கேள்வி: ஐயா, நான் எட்டு ஆண்டுகளாக ஹூஸ்டனில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு 2005ஆம் ஆண்டு தயாரிப்பான ஷெவர்லே சில்வராடோ எஸ்எஸ் பிக்கப் டிரக் ஒன்றை வாங்கினேன். எல்க்யூ9 என்ற 6.0 லிட்டர் வி8 எஞ்சின். முன்பு வைத்திருந்தவர் ஹெடர்களையும் (புகையை வெளியேற்றும் குழாய்கள்) வேறு ஏர் இன்டேக்கையும் பொருத்தி, எஞ்சின் கணினியின் அமைப்புகளையும் மாற்றி டியூன் செய்திருக்கிறார். தினமும் அலுவலகத்துக்குப் போக 12 மைல், வர 12 மைல். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை எனிஸ் ஊரில் இருக்கும் மோட்டார்ப்ளெக்ஸ் தளத்தில் கால் மைல் ஓட்டம் ஓட்டுகிறேன். எஞ்சின் கணினியின் எண்களைப் படிக்கும் ஓபிடி கருவியை மாட்டிப் பார்த்ததில், நெடுஞ்சாலையில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் கலவை) 198 முதல் 202 டிகிரி ஃபாரன்ஹீட் வரை நிற்கிறது. கோடையில் ஏசி போட்டுக்கொண்டு நெரிசலில் நின்றால் 228 வரை ஏறுகிறது. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால் 3 டிகிரி வரை நாக் ரிடார்ட் காட்டுகிறது, அதாவது எஞ்சினில் தட்டல் (நாக்கிங்) கேட்டதும் கணினி தீப்பொறி விழும் நேரத்தை அவ்வளவு பின்தள்ளுகிறது (இந்த டிகிரி சூடு அல்ல, எஞ்சின் சுழலும் கோணம்). எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே தண்ணீரின் வழியைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டைப் பற்றித்தான் என் கேள்வி. '160 டிகிரி தெர்மோஸ்டாட் போடு, சூடும் குறையும், 10 குதிரைத்திறனும் கூடும்' என்கிறார்கள் நண்பர்கள். கோவையில் பல ஆண்டுகள் லாரிகளோடு பழகிய என் மாமனாரோ, 'அதைக் கழற்றித் தூரப் போடுங்கள் மாப்பிள்ளை' என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

'வண்டி சூடாகிறது' என்று ஒரு வரியில் முடித்துவிடாமல், எந்த நேரத்தில் எவ்வளவு சூடாகிறது என்று எண்களோடு எழுதியிருக்கிறீர்கள். அதுவே பாதி வேலையை முடித்துவிட்டது. அந்த எண்களில் உங்கள் கேள்விக்கான விடையும் இருக்கிறது.

முதலில் மாமனார் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். அவர் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. நான் நாமக்கல்லில் தொழில் பழகியபோது, எஞ்சின் சூடாகிறது என்று வந்த லாரியில் முதல் வேலையாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவோம். அது சிக்கிக்கொண்டு நடுவழியில் எஞ்சின் பிடித்துவிட்டால் சரக்கும் நாளும் போய்விடும் என்ற பயம். ஆனால் உங்கள் எஞ்சினில் அந்த வேலை எதிராகத் திரும்பும். எல்க்யூ9 வகை எஞ்சின்களின் தெர்மோஸ்டாட்டில் இரண்டு தட்டுகள் உண்டு. முன்தட்டு ரேடியேட்டரிலிருந்து வரும் தண்ணீருக்கு வழி திறக்கும்போது, பின்தட்டு எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும் குறுக்குவழியை அடைத்துக்கொண்டே போகும். முழுவதுமாகக் கழற்றிவிட்டால் அந்தக் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலேயே திரும்பத் திரும்ப எஞ்சினுக்குள் சுற்றும். குளிரில் எஞ்சின் சூடேறாது, வெயிலில் சூடு இறங்காது. மாமனாரிடம் இதை இப்படியே சொல்லுங்கள். லாரியோடு பழகியவர், கேட்டவுடன் புரிந்துகொள்வார்.

அடுத்து நண்பர்கள் சொன்னது. தெர்மோஸ்டாட்டின் மேல் பொறித்திருக்கும் எண், எஞ்சின் எவ்வளவு சூடு வரை போகலாம் என்பதைச் சொல்வதில்லை. எந்தச் சூட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதைத்தான் சொல்கிறது. நம் ஊர் ஏரிக் கலிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். கலிங்கின் உயரத்தைக் குறைத்தால் சாதாரண நாளில் ஏரியின் நீர்மட்டம் குறைந்து நிற்கும். பெருமழை கொட்டும் நாளிலோ, வெளியேறும் கால்வாய் எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தே மட்டம் அமையும். கலிங்கைத் தாழ்த்தியதால் கால்வாய் அகலமாகிவிடாது. இங்கே கால்வாய் என்பது ரேடியேட்டரும் ஃபேனும்.

தெர்மோஸ்டாட்டுக்குள் ஒரு சிறிய செம்புக் குப்பி, அதற்குள் மெழுகு. மெழுகு உருகும்போது விரிந்து ஒரு ஊசியைத் தள்ளும், வால்வு திறக்கும். 1930களில் செர்ஜியஸ் வெர்னெட் உருவாக்கிய இந்த அமைப்பு இன்றும் அடிப்படையில் மாறவில்லை. 187 என்று போட்டிருந்தால், 187 டிகிரியில் (86 செல்சியஸ்) திறக்கத் தொடங்குகிறது என்று பொருள். முழுவதும் திறக்க இன்னும் ஏறக்குறைய 15 முதல் 20 டிகிரி ஏற வேண்டும். அதற்கு மேல் அது வெறும் திறந்த கதவுதான். உங்கள் டிரக்கில் தொழிற்சாலையிலிருந்து வந்தது 187தான். 228 டிகிரியில் அதுவும் முழுவதும் திறந்திருக்கிறது. அந்த இடத்தில் 160 இருந்திருந்தால் அதுவும் முழுவதும் திறந்திருக்கும். இரண்டுக்கும் அங்கே எந்த வேறுபாடும் இல்லை. 160 போட்டால் 228க்கு ஏற இன்னும் சில நிமிடங்கள் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் எண்களுக்கு வருகிறேன். நெடுஞ்சாலையில் 198 முதல் 202 என்பது ஆரோக்கியமான எண். உங்கள் எஞ்சினில் தெர்மோஸ்டாட் தண்ணீர் உள்ளே நுழையும் பக்கத்தில், வாட்டர் பம்பில் கீழ் ஹோஸ் வந்து சேரும் இடத்தில் இருக்கிறது. சூட்டை அளக்கும் சென்சாரோ இடது சிலிண்டர் ஹெட்டின் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) முன்பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கையும் ஹெட்டையும் சுற்றிச் சூடான பிறகே சென்சாரைத் தொடுகிறது. ஆகவே கருவி காட்டும் எண் தெர்மோஸ்டாட் எண்ணைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி மேலே நிற்பது இயல்பு. தெர்மோஸ்டாட் ஒழுங்காகத் திறக்கிறது, ரேடியேட்டரும் அடைபடவில்லை, பம்பும் தள்ளுகிறது என்று இந்த ஒரே எண்ணிலிருந்து தெரிகிறது.

அப்படியானால் நெரிசலில் 228 ஏன்? வண்டி ஓடும்போது ரேடியேட்டருக்குக் காற்று தானாகக் கிடைக்கிறது. நிற்கும்போது ஃபேன்தான் கொடுக்க வேண்டும். ஓடும்போது நன்றாக இருந்து, நிற்கும்போது மட்டும் சூடேறினால், குறை காற்றில் இருக்கிறது. தண்ணீர்ப் பக்கத்தில் நீங்கள் ஒன்றையும் மாற்ற வேண்டியதில்லை.

2005 முதல் சில்வராடோ 1500 மாடல் டிரக்குகளில், எஞ்சினே சுழற்றும் பழைய கிளட்ச் ஃபேனுக்குப் பதிலாக இரண்டு மின்விசிறிகள் வந்தன. அவை இணைக்கப்பட்டிருக்கும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், உங்களுக்கு அது மிகவும் உதவும். மெதுவாகச் சுழலும்போது இரண்டு விசிறிகளும் தொடரில், அதாவது ஒன்றன் வழியாக மற்றொன்றுக்கு மின்சாரம் போகும்படி இருக்கும். வேகமாகச் சுழலும்போது ரிலேக்கள் (கணினி இயக்கும் மின் சுவிட்சுகள்) வழியைத் திருப்பிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பேட்டரியின் முழு மின்சாரத்தைத் தனித்தனியாகக் கொடுக்கும். இதனால், ஒரு விசிறியின் மோட்டார் உள்ளே அறுந்துபோனால் மெதுவேகத்தில் இரண்டுமே நின்றுவிடும். வேகமாக ஓட வேண்டிய நேரத்தில் ஒன்று மட்டும் ஓடும். வெளியில் நின்று பார்ப்பவர் 'ஃபேன் ஓடுகிறதே' என்று திருப்தியோடு போய்விடுவார்.

ஒரு மாலையில் எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, பானெட்டைத் திறந்து பாருங்கள். ஏசி போட்டதும் இரண்டு விசிறிகளும் மெதுவாகச் சுழல வேண்டும். சூடு ஏற ஏற, ஒரு கட்டத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் வேகம் பிடித்து இரைச்சல் கூட வேண்டும். இதில் எந்தக் கட்டம் தவறினாலும் ரிலேக்களையும் விசிறிகளின் கனெக்டர்களையும் பாருங்கள். கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் அதுதான் குற்றவாளி. விசிறிகள் எப்போது வேண்டுமானாலும் திடீரென்று கிளம்பும், அதனால் சோதிக்கும்போது கையையும் சட்டையின் தொங்கலையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, ஹூஸ்டனில் இருப்பதால் மட்டும் கேட்கும் கேள்வி: ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரை எப்போது கடைசியாகக் கழுவினீர்கள்? மெக்சிகோ வளைகுடாக் கரையில் மே மாதமும் செப்டம்பர் மாதமும் லவ்பக் என்ற கருப்புப் பூச்சிகள் ஜோடி ஜோடியாகச் சாலைக்கு மேல் மிதக்கும். உங்கள் முன்கண்ணாடியில் அப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியில் அப்பியதைத் துடைத்துவிடுகிறோம், கண்டென்சரில் அப்பியது அங்கேயே காய்ந்து கிடக்கிறது. சென்ற கோடையில் உங்களுடையதைப் போன்ற ஒரு டிரக்கின் மேல்தட்டைக் கழற்றி, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பார்த்தேன். பூச்சி, ஓக் மர இலை, சாலைத் தூசி மூன்றும் சேர்ந்து, வறட்டி தட்டியதுபோல் கீழ் மூன்றில் ஒரு பங்கை மூடியிருந்தன. கையால் எடுத்தபோது ஒரே தகடாகப் பெயர்ந்து வந்தது. அந்த வண்டியின் சொந்தக்காரர் அதற்கு முன்பே இரண்டு தெர்மோஸ்டாட் மாற்றியிருந்தார். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி, தோட்டக் குழாயின் மெல்லிய தண்ணீரால் கழுவுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், மெல்லிய அலுமினியத் தகடுகள் மடிந்து நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும்.

இவ்வளவையும் சரிசெய்த பிறகு, அதே நெரிசலில், அதே வெயிலில், எண்ணை மறுபடி குறித்துக்கொள்ளுங்கள். 210ஐ ஒட்டி நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன். இன்னொன்று, 228 என்றதும் பதற வேண்டாம். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்த தண்ணீர், 15 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடியோடு, 265 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் நன்றாக இருந்தால் எஞ்சின் ஆபத்தில் இல்லை. ஆனால் அந்தச் சூட்டில் நாக்கிங் வரும், சக்தி குறையும். நீங்கள் கவலைப்படுவது அந்த வகையில் சரிதான்.

குறைந்த டிகிரி தெர்மோஸ்டாட்டால் பயன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. எந்த வழியாக என்று பார்க்க வேண்டும். உங்கள் எஞ்சினின் அழுத்த விகிதம் 10க்கு 1, அதாவது பெட்ரோல்-காற்றுக் கலவையைப் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. தீப்பொறி விழுந்த பிறகு சுடர் எட்டாமல் ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை, சுடர் வந்து சேரும் முன் தானாகவே வெடித்தால் அதுதான் நாக்கிங். ஹெட்டின் சுவர் கொஞ்சம் குளிர்ந்திருந்தால் அந்தக் கலவை தாக்குப்பிடிக்கும். நாக்கிங் இல்லாவிட்டால் கணினி ஸ்பார்க் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்காது. இந்தக் கணினிகளில் நல்ல பெட்ரோலுக்கு ஒன்று, மட்டமான பெட்ரோலுக்கு ஒன்று என இரண்டு டைமிங் அட்டவணைகள் உண்டு. அடிக்கடி நாக்கிங் கேட்டால் கணினி இரண்டாவது அட்டவணையின் பக்கம் மெல்லச் சாய்ந்துவிடும். கூலன்ட் சூடு ஏறினாலும் டைமிங்கைக் குறைக்கத் தனியாக ஓர் அட்டவணை இருக்கிறது. ஆகவே குளிர்ந்த தெர்மோஸ்டாட் தன் கையால் குதிரைத்திறன் எதையும் கொண்டுவருவதில்லை. நாக்கிங்காலும் சூட்டாலும் இழந்துகொண்டிருந்ததைத் திருப்பித் தருகிறது. நாக்கிங் இல்லாத எஞ்சினில் அதை மாற்றினால் ஓட்டுபவர் எதையும் உணர மாட்டார். 10 குதிரைத்திறன் என்ற கணக்கை மறந்துவிடுங்கள்.

இந்த 160 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் நண்பர்கள் சொல்வது பழைய காலத்தின் எதிரொலி. அமெரிக்காவில் ஒரு காலத்தில் ரேடியேட்டரில் தண்ணீர் உறையாமலிருக்க ஆல்கஹால் கலந்தார்கள். அது சீக்கிரம் ஆவியாகிப் போய்விடும் என்பதால் எஞ்சினைக் குறைந்த சூட்டில் ஓட்ட வேண்டியிருந்தது. 1927இல் பிரஸ்டோன் என்ற பெயரில் எத்திலீன் கிளைகால் சந்தைக்கு வந்தது, அதன் பிறகு கூடுதல் சூடு சாத்தியமாயிற்று. பின்னர் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தபோது 195 பரவலானது. சூடான எஞ்சினில் பெட்ரோல் முழுமையாக எரிகிறது, குறைவாகக் குடிக்கிறது. 1986, 1987இல் வந்த ப்யூக் கிராண்ட் நேஷனல் டர்போ கார்களுக்கு 160 தெர்மோஸ்டாட்டும் எஞ்சின் கணினிக்கு வேறு சிப்பும் சேர்த்துப் போடுவது பந்தயப் பிரியர்களிடையே வழக்கம். 'சேர்த்து' என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்தச் சூட்டுக்காகவே எழுதப்பட்ட சிப் அது. பிற்காலத்தில் சிப்பை மறந்துவிட்டு 160ஐ மட்டும் ஊர் நினைவில் வைத்துக்கொண்டது.

உங்களுக்கு 160 ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், உங்கள் 12 மைல் பயணம்தான் காரணம். கூலன்ட் சூடாகும் வேகத்தில் எஞ்சின் ஆயில் சூடாவதில்லை, பின்தங்கியே வரும். எரிந்த பெட்ரோலிலிருந்து வரும் நீராவியும், எரியாமல் வழியும் துளிப் பெட்ரோலும் ஆயிலில் கலந்துகொண்டே இருக்கும். அவை வெளியேற ஆயில் நீரின் கொதிநிலையான 212 டிகிரிக்குப் பக்கத்திலாவது போய்ச் சில நேரம் நிற்க வேண்டும். 160 தெர்மோஸ்டாட்டோடு குறுகிய தூரம் ஓடும் எஞ்சினில் அது நடக்காது. என் பட்டறைக்கு ஒரு முறை கட்டுமான வேலைக்குப் போகும் டிரக் ஒன்று வந்தது. தினம் ஏழெட்டு மைல்தான் ஓட்டம். 160 போட்டு ஓராண்டு ஆகியிருந்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தேன். மூடியின் அடியில் பாலேடு போல வெளிறிய பழுப்பு நிறத்தில் ஒரு படலம். விரலால் வழித்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை. சிலிண்டர் சுவர் குளிர்ந்தே இருந்தால் அதன்மேல் நீரும் அமிலமும் படிந்து பிஸ்டன் ரிங்குகளைத் தின்னும். அந்த எஞ்சின் கேட்டது சூட்டை, அவர் கொடுத்தது குளிரை.

இன்னொரு தொல்லை பி0128 என்ற பிழைக் குறியீடு. எஞ்சின் உரிய நேரத்துக்குள் உரிய சூட்டை அடையவில்லை என்று கணினி கணக்குப் போட்டு எஞ்சின் எச்சரிக்கை விளக்கை ஏற்றும். 160 போட்டால் ஜனவரிக் காலையில் இது வருவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. டெக்சாஸில் 2025 ஜனவரி முதல் சொந்த வாகனங்களுக்குப் பாதுகாப்புச் சோதனை எடுக்கப்பட்டுவிட்டாலும், ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்டியில் புகைச் சோதனை தொடர்கிறது. 24 ஆண்டு வரை பழைய பெட்ரோல் வண்டிகள் அதில் அடங்கும், உங்கள் 2005உம் அடங்கும். எஞ்சின் விளக்கு எரிந்தால் சோதனையில் தேறாது. டியூன் செய்பவர் அந்தக் குறியீட்டையே அணைத்துவிடலாம் என்று சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். நாளை தெர்மோஸ்டாட் உண்மையிலேயே திறந்தபடி சிக்கிக்கொண்டால் உங்களுக்குச் சொல்ல ஆள் இருக்காது.

ஆகவே என் பரிந்துரை 180 டிகிரி, அதாவது 82 செல்சியஸ். நெடுஞ்சாலையில் 190ஐ ஒட்டி நிற்கும். ஆயில் சூடேறும், ஹீட்டர் வேலை செய்யும், நாக்கிங்குக்குச் சில டிகிரி இடைவெளி கிடைக்கும். டிரக்கை லாரியில் ஏற்றித் தளத்துக்குக் கொண்டுபோய், ஓட்டி, திரும்ப ஏற்றிக் கொண்டுவருபவராக நீங்கள் இருந்திருந்தால் 160 என்றே சொல்லியிருப்பேன். நீங்கள் அதே வண்டியில் திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகிறீர்கள்.

180 போட்டால் ஃபேன் எண்களையும் டியூனில் மாற்றியாக வேண்டும். தொழிற்சாலை எண்கள் 187ஐ மனத்தில் வைத்து உயரத்தில் வைக்கப்பட்டவை. முந்தைய உரிமையாளரின் டியூனர் என்ன வைத்தார் என்பதை முதலில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நான் உங்கள் வண்டிக்கு இப்படித் தொடங்குவேன்: மெதுவேகம் 203இல் தொடங்கி 197இல் நிற்கட்டும், உயர்வேகம் 210இல் தொடங்கி 204இல் மெதுவேகத்துக்கு இறங்கட்டும். இதில் ஒரு விதியை மீறக் கூடாது. ஃபேன் நிற்கும் எண், வண்டி நெடுஞ்சாலையில் இயல்பாக நிற்கும் எண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். கீழே வைத்துவிட்டால் எஞ்சின் அந்த எண்ணை ஒருபோதும் எட்டாது. விசிறிகள் நாள் முழுவதும் ஓடி மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் தேயும்.

டைமிங்கை இப்போதைக்குத் தொட வேண்டாம். அந்த 3 டிகிரி நாக் ரிடார்ட் உண்மையான நாக்கிங்தானா என்று தெரிய வேண்டும். உங்கள் எஞ்சினில் நாக் சென்சார்கள், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், எஞ்சினின் பள்ளத்தில் இரண்டு குழிகளில் உட்கார்ந்திருக்கின்றன. எஞ்சினைக் கழுவும்போது தண்ணீர் இறங்கி, குறிப்பாகப் பின்பக்கச் சென்சார் துருப்பிடிப்பது இந்த எஞ்சின்களின் தெரிந்த குறை. அடுத்தது ஹெடர். வேறு ஹெடர் போட்ட வண்டியில் குழாய் சேசிஸைத் தொட்டுத் தட்டினால், அந்த ஓசையையே கணினி நாக்கிங் என்று எடுத்துக்கொள்ளும். வண்டிக்கு அடியில் படுத்து, குழாய் ஓரத்தில் பளபளவென்று தேய்ந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி ஒரு இடம் இருந்தால் தெர்மோஸ்டாட் எதுவும் உங்களுக்கு உதவாது. இரண்டும் சரியாக இருந்து, 93 ஆக்டேன் பெட்ரோல் போட்டும் ரிடார்ட் தொடர்ந்தால் அது உண்மையான நாக்கிங். அப்போதுதான் 180 தன் வேலையைக் காட்டும்.

வாங்கும்போது கவனிக்க ஒன்று. இந்தக் குடும்ப எஞ்சின்களில் பழைய ஆண்டுகளுக்குத் தனித் தெர்மோஸ்டாட்டும், பிந்தைய ஆண்டுகளுக்கு வெளிக்கூட்டோடு ஒன்றாக இணைந்ததும் வந்தன. பெட்டியின் மேலுள்ள எழுத்தை மட்டும் நம்பாமல், கழற்றிய பழையதைப் பக்கத்தில் வைத்து நீளத்தையும் பின்தட்டையும் ஒப்பிடுங்கள். பின்தட்டு குறுக்குவழியை எட்டாவிட்டால், மேலே மாமனாருக்குச் சொன்ன அதே கோளாறு வரும்.

பொருத்தும் முன் ஒரு சோதனை. புதியதாக இருந்தாலும் நான் இதைச் செய்யாமல் விடுவதில்லை. கட்டைவிரலால் வால்வை அழுத்தித் திறந்து, இடுக்கில் ஒரு நூலைக் கொடுத்து விட்டுவிடுங்கள். வால்வு நூலைக் கவ்விக்கொள்ளும். அந்த நூலால் தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில், அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு வெப்பமானி. அடுப்பை மெதுவாக எரியவிட்டு, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே எண்ணைப் பாருங்கள். வால்வு திறக்கும் நொடியில் நூல் நழுவித் தெர்மோஸ்டாட் 'டொக்' என்று அடியில் விழும். அந்த நேரத்தில் வெப்பமானி காட்டுவதுதான் உண்மையான எண். 180 என்று போட்டது 178இலோ 183இலோ விழுந்தால் சரி. 195 வரை விழாமல் தொங்கினால் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். கழற்றிய பழையதையும் இப்படிச் சோதிக்கலாம். அதில் கூலன்ட் ஒட்டியிருக்கும், கூலன்ட் நஞ்சு, ஆகவே சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள், பழைய டப்பா ஒன்றை ஒதுக்கிவிடுங்கள்.

மாற்றும் வேலை எளிது. எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு தொடங்குங்கள். சில்வராடோவில் தண்ணீர் ஊற்றும் தொட்டியே அழுத்தத்தில் இருக்கும், சூட்டில் அதன் மூடியைத் திருகினால் முகம் வெந்துவிடும். ரேடியேட்டரிலிருந்து கூலன்டை அகலமான தட்டில் இறக்குங்கள். அது இனிப்பாக இருக்கும், நாயோ குழந்தையோ நக்கினால் உயிருக்கு ஆபத்து. தரையில் ஒரு துளியும் விட வேண்டாம். திரும்ப ஊற்றும்போது டெக்ஸ்-கூல் வகைக் கூலன்டையே, வடித்த நீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். வேறு நிறக் கூலன்டைக் கலக்காதீர்கள். தெர்மோஸ்டாட் கூட்டின் இரண்டு போல்ட்டுகளும் அலுமினியத்தில் இறங்குபவை. 11 அடி-பவுண்டு போதும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இறுக்க வேண்டாம்.

காற்றை வெளியேற்றுவதில் அவசரம் வேண்டாம். இந்த எஞ்சின்களில் ஹெட்டின் உச்சியிலிருந்து நீராவியை வெளியேற்ற ஒரு மெல்லிய குழாய் போகும். டிரக்கின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தி, தொட்டியில் மெதுவாக ஊற்றிக்கொண்டே அந்தக் குழாயின் ஒரு முனையைத் தளர்த்துங்கள். முதலில் காற்று சீறும், பிறகு குமிழியும் தண்ணீருமாக வரும், கடைசியில் தண்ணீர் மட்டும் சீராக வரும். அப்போது மாட்டிவிடுங்கள். ஹெட்டில் காற்று தங்கினால் சென்சார் பொய் சொல்லும், நீங்கள் மறுபடியும் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிப்பீர்கள்.

எனிஸ் தளத்தைப் பற்றி. ஹூஸ்டனுக்குப் பக்கத்திலேயே பேடவுனில் இருந்த தளம் 2023இல் மூடப்பட்ட பிறகு, உங்களைப் போன்றவர்கள் ஐ-45 நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டிப் போக வேண்டியிருக்கிறது. அவ்வளவு தூரம் ஓடிய ஆயில் நன்றாகச் சூடேறியிருக்கும், அது நல்லது. ஓட்டத்துக்கு வரிசையில் நிற்கும்போது எஞ்சினை அணைத்துவிடுங்கள். பிளாக் வார்ப்பிரும்பு, சூட்டை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். ஆகவே இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே பானெட்டைத் திறந்து குறைந்தது அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஓட்டம் என்னவோ சுமார் 15 விநாடிதான். அந்த 15 விநாடிக்குள் தெர்மோஸ்டாட் பெரிதாக எதையும் செய்துவிடாது, நீங்கள் எந்தச் சூட்டில் தொடங்குகிறீர்கள் என்பதுதான் பேசும்.

கண்டென்சரைக் கழுவி, விசிறிகளைச் சோதித்த பிறகு, வேறு எதையும் மாற்றும் முன், நெரிசலில் ஒரு மாலையும் நெடுஞ்சாலையில் ஒரு காலையும் எடுத்த பதிவை எனக்கு அனுப்புங்கள். கூலன்ட் சூடு, இன்டேக் காற்றின் சூடு, நாக் ரிடார்ட், ஸ்பார்க் டைமிங், ஃபேன் நிலை ஆகிய ஐந்தும் அதில் இருக்கட்டும். நெரிசலில் 212ஐத் தாண்டாமல், ரிடார்டும் மறைந்திருந்தால், உங்கள் 187 தெர்மோஸ்டாட் அங்கேயே இருக்கட்டும்.